மின்சாரம் மீண்டபின் மூன்று நிமிடம்: சிறு நீரிறைப்பானுக்கு ஒரு தாமத ஆளி

மின்சாரம் நின்றால் நாற்று வாடும் என்பதை எல்லாக் கமக்காரரும் அறிவர். நின்ற மின்சாரம் திரும்பி வரும் முதற் சில நிமிடங்கள் கருவிகளுக்கு ஆபத்தானவை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாற்றுமேடைக்குத் தூவல் நீர் கொடுக்கும் 12 உவோற்றுச் சிறு நீரிறைப்பானும், சொட்டுநீர்க் குழாயைத் திறந்து மூடும் மின்காந்த வாயிலும், இவற்றை நேரப்படி இயக்கும் டைமரும் அந்நிமிடங்களிற் பழுதடைதல் கூடும். மின்சாரம் வந்தவுடன் இக்கருவிகளுக்கு அதனை விடாது, சில நிமிடங்கள் பொறுத்து, நிலைமை அமைந்தபின் விடுகின்ற எளிய சுற்றொன்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது. பற்றாசு பிடிக்கத் தெரிந்த எவரும் இதனை அரை நாளிற் செய்து முடிக்கலாம். அவ்வேலை தெரியாதோர் அயலிலுள்ள வானொலி திருத்துநரிடம் இப்பிரசுரத்தைக் காட்டிச் செய்வித்துக்கொள்ளலாம்.

நாற்றுமேடைக்கு ஏற்படும் இழப்பு

தக்காளி, மிளகாய், கறிமிளகாய், கோவா ஆகிய மரக்கறிகளின் நாற்றுகளை இன்று பலர் குழித்தட்டுகளில் வளர்க்கின்றனர். நெற்செய்கையில் பரசூட் முறையைக் கைக்கொள்வோரும் குழித்தட்டிலேயே நாற்றெடுக்கின்றனர். பாத்தியில் வளரும் நாற்றின் வேர் ஆழமாக இறங்கி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தட்டின் குழியிலோ ஒரு சிறங்கைக்கும் குறைந்த தும்புத்தூளே உண்டு. அதிலுள்ள ஈரம் கடும் வெயிலில் சில மணித்தியாலங்களிலேயே வற்றிவிடும். ஆகையால் தட்டு நாற்றுக்கு ஒரு நாளிற் பலமுறை சிறிது சிறிதாக நீர் கொடுத்தல் இன்றியமையாதது. இவ்வேலையை மனிதர் செய்வதினும் டைமருடன் கூடிய சிறு நீரிறைப்பான் ஒழுங்காகச் செய்கின்றது.

அந்நீரிறைப்பான் எரிந்துபோனால், புதியது வாங்கிப் பொருத்தும்வரை கையினால் நீர் தெளித்தல் வேண்டும். பழுது உடனே தெரிந்தால் கேடில்லை. ஆனால் மின்சாரம் மீண்டுவிட்டது, விளக்கு எரிகின்றது, நீரிறைப்பானும் இயங்கும் என்ற நம்பிக்கையில் கமக்காரர் வயலுக்குச் சென்றுவிட்டால், மாலையில் திரும்பும்போது தட்டுகள் முழுவதும் காய்ந்திருக்கும். நாற்று போனால் விதைச் செலவுடன் நின்றுவிடாது. காலபோகத்திலோ சிறுபோகத்திலோ நடுகை இரண்டு மூன்று கிழமை பிந்துவதும், அதனால் விளைச்சலும் விலையும் குறைவதும் அதனைத் தொடரும். கீழே கூறப்படும் சுற்றின் உறுப்புகள் யாவும் சிறியவை, விலையும் குறைந்தவை. அவற்றைக்கொண்டு காக்கப்படுவது ஒரு போகத்தின் தொடக்கமாகும்.

மின்சாரம் மீளும்போது நிகழ்வன

2025 ஆம் ஆண்டு பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. கொழும்புக்குத் தெற்கேயுள்ள பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று மின்சாதனத்திற் பட்டதே காரணமென மின்சக்தி அமைச்சர் கூறினார். ஒரு குரங்கினால் நாடெங்கும் இருண்டது எவ்வாறு என்று பலரும் வியந்தனர். அன்று விடுமுறை நாளாதலால் மின்சாரத் தேவை குறைவாயிருந்தது. நல்ல வெயிலாதலால் கூரைகளிலுள்ள சூரியப் படல்களிலிருந்து பெருமளவு மின் வந்துகொண்டிருந்தது. கனத்த சுழலிகளைக்கொண்ட மின்பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடின. அத்தகைய வேளையில் ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் நிதானம் மின்தொகுதிக்குக் குறைவு. மின்விநியோகம் பகுதி பகுதியாக மீண்டு வருவதற்குப் பல மணித்தியாலங்கள் சென்றன. நுரைச்சோலை அனல்மின் நிலையமும் அதனால் நின்றுபோகவே, அடுத்து வந்த நாட்களில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டும் சுழற்சி முறையில் நடைபெற்றது.

அதற்கு முன்னர் 2022 ஆம் ஆண்டில் எரிபொருள் வாங்க வெளிநாட்டுச் செலாவணியின்றி நாடு இடருற்ற காலத்தில், மின்வெட்டு நாளாந்த நிகழ்ச்சியாயிற்று. அவ்வாண்டு மார்ச் 31 ஆம் நாளன்று அது 13 மணித்தியாலம் வரை நீண்டது. அதே ஆண்டு யூன் மாதத்தில், உணவுத் தட்டுப்பாட்டை எதிர்நோக்கி, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமைகளில் மூன்று மாத காலத்துக்கு விடுமுறை கொடுக்கும் ஏற்பாடும் செய்யப்பட்டது. மின்வெட்டும் வீட்டுத்தோட்டமும் ஒரே ஆண்டில் ஒருங்கே வந்தமையால், சிறு நீரிறைப்பான்களை மின்தடையிலிருந்து காக்கும் வழியை நகரத்தாரும் தேட வேண்டியவராயினர்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற நெருக்கமான பகுதிகளை எண்ணிப் பாருங்கள். மாடிமேல் மாடியாக வீடுகள், தெருவோரம் கடைகள், ஒரு மின்மாற்றியை நம்பி எத்தனையோ குடும்பங்கள். மின்தடை ஏற்படும்போது எவரும் தம் ஆளிகளை அணைப்பதில்லை. ஆகவே மின்சாரம் மீளும் அக்கணத்தில் குளிர்சாதனப் பெட்டி, மின்விசிறி, கூரைத் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டர் ஆகிய அனைத்தும் ஒரே வேளையில் எழுகின்றன. மோட்டர் நின்ற நிலையிலிருந்து எழும்போது, ஓடும் நிலையிற் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அத்தனை மோட்டர்களும் ஒருங்கே இழுத்தால் மின்னழுத்தம் 230 உவோற்றிலிருந்து தாழ்ந்து, பின் உயர்ந்து, தடுமாறும். சிலவேளைகளில் சுமை தாங்காது மின்சாரம் மறுபடியும் அறுந்து, சில நிமிடங்களில் மீண்டும் வரும். கிராமத்திலும் ஒரே மின்மாற்றியிற் பல கிணற்று மோட்டர்கள் இணைந்துள்ள இடத்தில் இதுவே நிகழ்கின்றது.

இத்தடுமாற்றம் 12 உவோற்று அடப்டரினூடாகச் சிறு நீரிறைப்பானையும் அடைகின்றது. மோட்டர் சுழலப் போதிய வலுவின்றி, நின்றபடியே மின்னை இழுக்கும். சுழலாத மோட்டரிற் பாயும் மின்னோட்டம் முழுவதும் வெப்பமாகிக் கம்பிச்சுருளைச் சுடும். டைமரின் உள்ளேயுள்ள நுண்சுற்று அரைகுறை மின்னழுத்தத்தில் விழித்து, செய்வதறியாது திகைத்து நின்றுவிடும். காந்த வாயில் பாதி திறந்தும் மூடியும் அதிரும்.

இதற்குப் பரிகாரம் புதியதன்று. குளிர்சாதனப் பெட்டிக்கெனக் கடைகளில் விற்கப்படும் காப்புக் கருவி, மின்சாரம் மீண்டபின் சில நிமிடம் பொறுத்தே பெட்டியை இயக்குவதைப் பலர் தம் வீடுகளிற் கண்டிருப்பர். கூரைச் சூரிய மின்தொகுதிகளின் இன்வேட்டரும் விநியோகம் சீரடைந்ததைக் கவனித்து, குறித்த நேரம் பொறுத்த பின்னரே இணைகின்றது. பெரிய கருவிகள் கைக்கொள்ளும் அப்பொறுமையை நமது சிறு நீரிறைப்பானுக்கும் கற்பிப்பதே இங்கு நோக்கம்.

சுற்றின் தத்துவம்

மடையினூடாக வடியும் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வயலில் நீர் உயர்ந்து நிற்கும்போது மடையில் வேகமாகப் பாயும். மட்டம் தாழத் தாழ வேகமும் குறையும். வயல் பெரிதாயினும், மடை சிறிதாயினும், வடியும் நேரம் நீளும். மின்சுற்றில் வயலின் வேலையைச் செய்வது கொள்ளளவி. கடையில் இதனைக் கபாசிட்டர் என்றும் கொண்டென்சர் என்றும் கேட்பர். மடையின் வேலையைச் செய்வது தடையி, கடைப்பெயர் றெசிஸ்டர். இவ்விரண்டின் அளவே தாமதத்தின் நீளத்தைத் தீர்மானிக்கின்றது.

மட்டம் தாழ்ந்ததைக் கண்டு ஆளியைப் போடுவதற்கு ஒரு காவலாள் வேண்டும். அவ்வேலைக்கு 555 என்னும் எண்ணுடைய ஒருங்கிணைந்த சுற்றைப் பயன்படுத்துகின்றோம். சுவிற்சர்லாந்திற் பிறந்த ஹான்ஸ் கமன்சின்ட் என்பவர் அமெரிக்காவின் சிக்னெற்றிக்ஸ் கம்பனிக்காக 1971 ஆம் ஆண்டில் இதனை வடிவமைத்தார். 1972 இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு கடந்தும் இது மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கின்றது.

555 தனக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தை மூன்று சம பங்காகப் பிரித்துப் பார்க்கும் இயல்புடையது. 12 உவோற்றுக் கொடுத்தால் அதன் எல்லைகள் 8 உவோற்றும் 4 உவோற்றுமாகும். மின்சாரம் வந்த கணத்தில் கொள்ளளவி வெறுமையாயிருப்பதால், 555 கவனிக்கும் சந்தியில் 12 உவோற்று முழுவதும் நிற்கும். அப்போது 555 இன் வெளியீடு அணைந்திருக்கும். பின்னர் சந்தியின் மின்னழுத்தம் தடையியினூடாகச் சிறிது சிறிதாகத் தாழும். 4 உவோற்றுக்குக் கீழிறங்கியதும் வெளியீடு எழுந்து றிலேயை இழுக்கும், நீரிறைப்பான் இயங்கும்.

இதில் இரண்டு நன்மைகள் உள்ளன. முதலாவது, எல்லைகள் பங்கு வீதத்தில் அமைவதால், அடப்டர் 12 உவோற்றுக்குப் பதிலாக 11 அல்லது 13 உவோற்றைக் கொடுப்பினும் தாமத நேரம் மாறாது. இரண்டாவது, 4 இல் எழுந்த வெளியீடு, சந்தி 8 ஐத் தாண்டினால் மட்டுமே மீண்டும் அணையும். ஆகவே நீரிறைப்பான் எழும்போது அடப்டரின் மின்னழுத்தம் சிறிது தாழ்ந்தாலும் றிலே படபடவென அடித்துக்கொள்ளாது.

வேண்டிய உறுப்புகள்

கொழும்பிற் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலுள்ள மின்னணுப் பொருட் கடைகளில் இவ்வுறுப்புகளை வாங்கலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து அது அண்மை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே செல்லலாம். பேலியகொடை மெனிங் சந்தைக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரும் திரும்பும் வழியில் வாங்கிக்கொள்ளலாம்.

1. 555 ஒருங்கிணைந்த சுற்று 1, அதனைப் பொருத்தும் எட்டுக்காற் தாங்கி 1.
2. கொள்ளளவி, 470 மைக்கிரோபரட்டு, 25 உவோற்று – 1. புதியதாயிருத்தல் வேண்டும்.
3. தடையி, 330 கிலோ ஓம் – 1. (வளையங்கள்: செம்மஞ்சள், செம்மஞ்சள், மஞ்சள்.)
4. தடையி, 4.7 கிலோ ஓம் – 1. (மஞ்சள், ஊதா, சிவப்பு.)
5. தடையி, 1 கிலோ ஓம், அரை உவாற்று – 1. (கபிலம், கறுப்பு, சிவப்பு.)
6. சிறு கொள்ளளவிகள்: 0.1 மைக்கிரோபரட்டு – 1, 0.01 மைக்கிரோபரட்டு – 1.
7. இருவாயி (டயோட்), 1 என் 4148 – 1. 1 என் 4007 – 1. 1 என் 5408 – 1.
8. திரான்சிற்றர், பி.சி. 337 – 1.
9. 12 உவோற்று றிலே, 10 அம்பியர் தொடுகையுடையது – 1.
10. உருகியும் அதன் தாங்கியும், துளைப்பலகை, கம்பி, மூடக்கூடிய பிளாத்திக்குப் பெட்டி.

இணைக்கும் முறை

555 இன் மேற்புறத்தில் ஒரு முனையிற் சிறு வெட்டு உண்டு. அவ்வெட்டு மேல்நோக்கி இருக்கப் பிடித்தால், இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 ஆகிய கால்களும், வலப்பக்கம் கீழிருந்து மேலாக 5, 6, 7, 8 ஆகிய கால்களும் அமையும். வரிசையை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்து, பின்வருமாறு இணைக்குக.

1. 8 ஆம் காலையும் 4 ஆம் காலையும் அடப்டரின் நேர்க் கம்பியுடனும், 1 ஆம் காலை மறைக் கம்பியுடனும் இணைக்க. 7 ஆம் காலுக்கு வேலையில்லை.

2. 8 ஆம் காலுக்கும் 1 ஆம் காலுக்கும் இடையே 0.1 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை வைக்க. 5 ஆம் காலிலிருந்து மறைக் கம்பிக்கு 0.01 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியை வைக்க. இவை இரண்டும் மோட்டரின் இரைச்சல் 555 ஐக் குழப்பாது காப்பன.

3. 2 ஆம் காலையும் 6 ஆம் காலையும் ஒன்றாக இணைக்க. இதுவே மேலே கூறிய சந்தி. 470 மைக்கிரோபரட்டுக் கொள்ளளவியின் நேர்க்காலை நேர்க் கம்பியிலும், மறைக்காலை இச்சந்தியிலும் இணைக்க. சந்தியிலிருந்து மறைக் கம்பிக்கு 330 கிலோ ஓம் தடையியை இணைக்க.

4. அத்தடையிக்குக் குறுக்கே 1 என் 4148 இருவாயியை, அதன் கோடிட்ட முனை சந்தியை நோக்கும்படி வைக்க.

5. நேர்க் கம்பிக்கும் மறைக் கம்பிக்கும் இடையே 1 கிலோ ஓம் தடையியை இணைக்க.

6. 3 ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் தடையியினூடாகத் திரான்சிற்றரின் நடுக்காலுக்கு இணைக்க. பி.சி. 337 இன் தட்டையான முகம் உங்களை நோக்கி, கால்கள் கீழ்நோக்கி இருப்பின், வலக்கால் மறைக் கம்பிக்கும், இடக்கால் றிலேச் சுருளின் ஒரு முனைக்கும் செல்லும். வேறு எண்ணுடைய திரான்சிற்றரில் இவ்வரிசை மாறலாம், கடைக்காரரிடம் கேட்டறிக.

7. றிலேச் சுருளின் மற்ற முனையை நேர்க் கம்பியுடன் இணைக்க. சுருளுக்குக் குறுக்கே 1 என் 4007 இருவாயியை, கோடிட்ட முனை நேர்க் கம்பியை நோக்க வைக்க. றிலே விடும்போது சுருளில் எழும் எதிர் மின்னழுத்தம் திரான்சிற்றரைக் கொல்லாது இது தடுக்கும்.

8. நேர்க் கம்பியிலிருந்து உருகியினூடாக றிலேயின் பொதுத் தொடுகைக்கும், வழமையில் திறந்திருக்கும் தொடுகையிலிருந்து நீரிறைப்பானின் நேர் முனைக்கும் இணைக்க. நீரிறைப்பானின் மறை முனை நேரே மறைக் கம்பிக்குச் செல்லும். நீரிறைப்பானுக்குக் குறுக்கேயும் 1 என் 5408 இருவாயியை, கோடிட்ட முனை நேர் முனையில் இருக்க இணைக்க. காந்த வாயிலாயின் 1 என் 4007 போதும்.

நான்காம் ஐந்தாம் இணைப்புகளின் முக்கியத்துவம்

இச்சுற்றைச் செய்வோர் சிலர், நான்காம் ஐந்தாம் இணைப்புகளின்றியும் சுற்று வேலை செய்வதைக் கண்டு, அவற்றை விட்டுவிடுதல் கூடும். அவ்வாறு விடலாகாது. அவை இல்லாமலும் முதன்முறை தாமதம் சரியாகவே நிகழும். ஆனால் மின்சாரம் அறும்போது கொள்ளளவியில் நிறைந்த மின் வெளியேற விரைவான வழியின்றி உள்ளேயே தங்கிவிடும். சில செக்கன்களில் மின்சாரம் மீண்டால், 555 பழைய கணக்கே முடிந்துவிட்டதாக எண்ணி, நீரிறைப்பானை உடனே இயக்கிவிடும்.

முன்னர் கூறியபடி, மின்சாரம் மீளும்போது ஒருமுறை வந்து, அறுந்து, மீண்டும் வருதலே பெரிதும் தீங்கானது. அந்த இரண்டாம் வரவிற் காக்காத தாமத ஆளியினாற் பயன் சிறிதே. இருவாயியும் 1 கிலோ ஓம் தடையியும் சேர்ந்து, மின்சாரம் அறுந்தவுடன் கொள்ளளவியை வெறுமையாக்குகின்றன. மின்சாரம் எத்தனை முறை வந்து போனாலும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே காலம் எண்ணப்படும். தாமத ஆளியின் பயன் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

தாமத நேரத்தைக் கணித்தல்

தடையியின் அளவை மெகா ஓமிலும், கொள்ளளவியின் அளவை மைக்கிரோபரட்டிலும் எடுத்துப் பெருக்கி, வந்த தொகையை 1.1 ஆற் பெருக்கினால் தாமத நேரம் செக்கனிற் கிடைக்கும். 330 கிலோ ஓம் என்பது 0.33 மெகா ஓம். 0.33 ஐ 470 ஆற் பெருக்க 155, அதனை 1.1 ஆற் பெருக்க ஏறக்குறைய 171 செக்கன், அதாவது மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இதில் 12 இலிருந்து 8 உவோற்று வரை தாழ 63 செக்கனும், 8 இலிருந்து 4 வரை தாழ 108 செக்கனும் செல்லும். மட்டம் தாழத் தாழ மடையின் வேகம் குறைவது போன்றதே இது.

வேறு நேரங்கள் வேண்டுவோர் கீழுள்ளவாறு தடையியை மாற்றிக்கொள்ளலாம். கொள்ளளவி எல்லாவற்றுக்கும் 470 மைக்கிரோபரட்டே.

100 கிலோ ஓம் – 52 செக்கன்
220 கிலோ ஓம் – 114 செக்கன்
330 கிலோ ஓம் – 171 செக்கன்
560 கிலோ ஓம் – 290 செக்கன்

இவ்வகைக் கொள்ளளவிகளின் உண்மையான அளவு, மேலே எழுதப்பட்டதிலும் நூற்றுக்கு 20 வரை கூடியோ குறைந்தோ இருக்கலாம். ஆகவே 171 செக்கனுக்குச் செய்த சுற்று 137 செக்கனிலோ 205 செக்கனிலோ இயங்கினாற் குறையென்று கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பழைய வானொலியிலிருந்து கழற்றிய கொள்ளளவியைப் பயன்படுத்த வேண்டாம். அதனூடாக மின் கசியுமாயின், சந்தி 4 உவோற்றுக்கு ஒருபோதும் இறங்காது. நீரிறைப்பானும் ஒருபோதும் இயங்காது. கரை கசியும் மேல்வயலின் நீர் இடைவிடாது வந்துகொண்டிருக்கக் கீழ்வயல் வடியாதிருப்பது போன்றது அது. ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட தாமதத்தை இச்சுற்றில் நாடாதிருப்பதும் இக்காரணம் பற்றியே.

பரிசோதித்தல்

முதலில் நீரிறைப்பானை இணையாது, அடப்டரை மட்டும் இணைத்து மணிக்கூட்டைப் பார்க்க. குறித்த நேரம் சென்றதும் றிலே ‘டிக்’ என ஒலிக்க வேண்டும். பின் மின்சாரத்தை அணைத்து, பத்து வரை நிதானமாக எண்ணி, மீண்டும் போடுக. உடனே ‘டிக்’ என்ற ஒலி எழுந்தால் நான்காம் அல்லது ஐந்தாம் இணைப்பிற் பிழையுண்டு; இருவாயியின் கோடு எப்பக்கம் நோக்குகின்றது என்பதைப் பார்க்க. முழு நேரமும் சென்றபின் ஒலித்தால் சுற்று சரியானது. இவ்வாறு மூன்று முறை சோதித்தபின் நீரிறைப்பானை இணைத்து, தொட்டியில் நீர் இருக்க இயக்கிப் பார்க்க. உருகி, நீரிறைப்பானிற் குறிக்கப்பட்ட அம்பியரிலும் சற்றுக் கூடியதாயிருத்தல் போதும். உருகி போகின்றதென்று அவ்விடத்திற் செப்புக்கம்பி வைப்பது கருவியையும் பெட்டியையும் எரிப்பதாகும்.

மேலே கூறிய சிறு றிலே 3 அம்பியர் வரையான நீரிறைப்பானுக்கு நின்று உழைக்கும். அதனிலும் பெரியதற்கு மோட்டர் வாகனங்களிற் பயன்படும் 12 உவோற்று, 30 அம்பியர் றிலேயை வாங்குக. அவ்வாறாயின் 4.7 கிலோ ஓம் தடையிக்குப் பதிலாக 1 கிலோ ஓம் தடையியை வைத்தல் வேண்டும். பெரிய சுருளுக்குத் திரான்சிற்றர் கூடிய மின்னோட்டத்தைக் கொடுக்க வேண்டியிருப்பதே காரணம்.

இரண்டு அல்லது மூன்று நீரிறைப்பான்கள் ஒரே பற்றரியில் அல்லது ஒரே அடப்டரில் இணைந்துள்ள தோட்டங்களில், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றைச் செய்து, தடையிகளை 100, 220, 330 கிலோ ஓம் என வேறுபடுத்துக. அப்போது அவை ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய ஒரு நிமிட இடைவெளியில் எழும். எழும்போது இழுக்கும் மிகை மின்னோட்டம் ஒருங்கு சேராமையால் சிறிய அடப்டரே போதியதாகும்.

கவனிக்க வேண்டியவை

இச்சுற்று 12 உவோற்றுக் கருவிகளுக்கு மட்டும் உரியது. கிணற்றிலுள்ள 230 உவோற்று மோட்டரின் கம்பியை இந்த றிலேயில் இணைக்க முயல வேண்டாம். ஈரத் தரையில் வெறுங்காலுடன் வேலை செய்வோருக்கு அது உயிராபத்து. பெரிய மோட்டருக்குத் தாமத ஆளி வேண்டுவோர், தகுதி பெற்ற மின்வினைஞரைக்கொண்டு அதற்கெனச் செய்யப்பட்ட கருவியைப் பொருத்துவித்தல் வேண்டும். அத்துடன் கிணற்று மோட்டர் ஆளில்லாத வேளையிற் தானாக இயங்குவது எல்லா இடத்திலும் நன்றன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் கிணறுகளில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அளவு மீறி இறைத்தால் கீழுள்ள உவர் மேலெழுந்து கிணற்றையும் மண்ணையும் கெடுக்கும்.

சூரியப் படலை இச்சுற்றில் நேரடியாக இணைக்கலாகாது. 12 உவோற்றுப் படல் எனப்படுவதும் சுமையில்லாதபோது 20 உவோற்றுக்கு மேற் கொடுக்கும். 555 தாங்கும் எல்லை 16 உவோற்றே. படலுக்கும் பற்றரிக்கும் இடையே மின்னேற்றக் கட்டுப்படுத்தியை வைத்து, பற்றரியிலிருந்தே சுற்றுக்கு மின் எடுக்க.

மின்சாரம் முற்றாக அறுந்து மீளும்போது மட்டுமே இச்சுற்று காலம் எண்ணும். அறாது தாழ்ந்து நிற்கும் மின்னழுத்தத்தை இது அறியாது. அத்தகைய குறை நாள்தோறும் உள்ள இடத்தில், பற்றரியொன்றை இடையில் வைத்து, நீரிறைப்பானைப் பற்றரியினாலேயே இயக்குதல் சிறந்தது.

மாடித்தோட்டம் செய்வோர் இன்னொன்றையும் கவனிக்க. மாடி வீடுகளில் கூரைத் தொட்டிக்கு நீர் ஏறுவதும் மின்சாரத்தினாலேயே. நெடுநேர மின்தடையின்பின் தொட்டி வெறுமையாயிருக்கலாம். நீரின்றி ஓடும் நீரிறைப்பான் விரைவிற் தேயும். ஆகவே தொட்டியில் மிதவை ஆளியொன்றை வைத்து, நீரிறைப்பானின் கம்பி அதனூடாகவும் செல்லும்படி செய்தல் வேண்டும். கடலை அடுத்த வெள்ளவத்தையிலும், துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையிலும் உப்புக்காற்று செப்பையும் பற்றாசையும் அரிக்கும். சுற்றை மூடிய பெட்டியில் வைத்து, கம்பித் துளைகளைக் கீழ்ப்புறமாக அமைத்து, மழையும் தூவல் நீரும் படாத இடத்தில் தொங்கவிடுக. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் திறந்து, பச்சை படர்ந்த மூட்டுகளைத் துடைத்து, மேலே கூறிய பத்து எண்ணும் சோதனையை ஒருமுறை செய்து பார்க்க.

இச்சுற்று நாற்றைக் கவனிக்கும் கண்ணுக்கு ஈடாகாது. மின்தடை நேர்ந்த நாளில், மின்சாரம் மீண்டு ஐந்து நிமிடத்தின் பின், நாற்றுமேடைக்குச் சென்று தூவல் விழுகின்றதா என நேரிற் பார்த்தல் கமக்காரரின் கடமையாகும். விழாவிடின் பூவாளியை எடுத்து அன்றைய நீரைக் கையாற் கொடுத்துவிட்டு, அதன்பின் பெட்டியைத் திறந்து பழுதைத் தேடுக. பழுதைத் திருத்த மறுநாளும் உண்டு. தட்டிலுள்ள நாற்றுக்கு அந்த நண்பகலுக்குள் நீர் கிடைத்தாக வேண்டும். செய்கையாளர் யாவரும் இவ்வெளிய ஆளியைத் தத்தம் நாற்றுமேடைகளில் அமைத்துப் பயனடைவாராக.